சுத்தமான தொட்டியில் பட்டினி

வீட்டுத் தொட்டியில் கடல்மீன் வளர்ப்பவர்கள் மீன் மருத்துவரான என்னிடம் பெரும்பாலும் தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகளோடுதான் வருகிறார்கள். சென்ற ஆண்டு வந்த ஒருவரின் தாளில் உப்பு, அமோனியா, நைட்ரேட் அனைத்தும் ஒழுங்காகவே இருந்தன; பையிலிருந்த வண்ணத்துப்பூச்சி மீனின் வயிறோ ஒட்டி, முதுகு கத்திமுனைபோல் நின்றது. அது உயிருள்ள பவளத்தின் பாலிப்புகளையே, அதாவது பவளமாகக் கூடி வாழும் சிற்றுயிர்களையே, கொத்தித் தின்னும் இனம் என்பதை விற்றவர் சொல்லவில்லை, வாங்கியவர் கேட்கவுமில்லை. பட்டினிக்கு என்னிடம் மருந்து இல்லை.

தொட்டியை நன்றாகப் பராமரித்தால் எந்த மீனும் வாழும் என்ற நம்பிக்கையே நான் காணும் சாவுகள் பலவற்றுக்கும் காரணம். பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று வாழும் க்ளீனர் ராஸ், நாலைந்து மீன்கள் மட்டுமே உள்ள வீட்டுத் தொட்டியில் மெல்ல மெலிகிறது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், சில பாறைத்திட்டுகளிலிருந்து இம்மீனை எட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அகற்றிவைத்து ஆய்ந்தபோது, அங்கே மற்ற மீன்களின் எண்ணிக்கையும் வகைகளும் குறைந்திருந்தன. ஆக, அதைப் பிடிப்பதால் தொட்டி, கடல் இரண்டுமே இழக்கின்றன.

கோமாளி மீனின் கதை வேறு. ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்திருக்கிறது. அப்படிப் பிறந்த குஞ்சு தொட்டித் தீவனத்துக்குப் பழகியே வளர்கிறது. ஆனால் கடையிலுள்ள பவளப்பாறை மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்பட்டவைதான். நீல டேங் என்ற பவளப்பாறை மீனைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்வதே 2016-இல்தான் ஃபுளோரிடாவில் முதன்முறையாகக் கைகூடியது.

கடல் குதிரையும் பாறை கட்டும் பவளங்களும் 2001-இலேயே இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது பிடிக்கவோ விற்கவோ கூடாத உயிர்களின் பட்டியலில், சேர்க்கப்பட்டவை. “ஒரே ஒரு பவளத் துண்டுதானே, டாக்டர்” என்பவர்களுக்கு நான் தரும் பதில் இதுவே.

வாங்குமுன், மீன் எங்கே பிறந்தது என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே அதற்குத் தீவனம் போடச் சொல்லுங்கள். தின்னாத மீனைப் பரிதாபப்பட்டு வாங்குவோரும் உண்டு. அவர்கள் மனம் எனக்குப் புரிகிறது, ஆனால் கடைக்காரருக்கு அதுவும் ஒரு விற்பனைதான், காலியான இடத்துக்கு அடுத்த வாரமே கடலிலிருந்து இன்னொன்று வந்துவிடும்.