இன்னசென்ட்: அப்பாவியா, வெகுளியா, நிரபராதியா?

‘அந்தப் பொண்ணு ரொம்ப இன்னசென்ட்’ என்கிறோம். ‘அவர் இன்னசென்ட்ங்க, கேஸ்ல மாட்டிவிட்டுட்டாங்க’ என்கிறோம். முதலாவது வெகுளித்தனம், இரண்டாவது குற்றமின்மை. தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ‘அப்பாவி’ என்றே போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘நொகேரே’ என்றால் தீங்கு செய்தல். முன்னால் ‘இன்’ சேர்ந்தால் எதிர்மறை. ஆக, தீங்கு செய்யாதவர் என்பதே மூலப்பொருள். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘ஒரே நியூசன்ஸ்’ என்று தெருவில் சலித்துக்கொள்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான்.

பழைய பொருள் மருத்துவத்தில் அப்படியே நிற்கிறது. குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது சில சமயம் இதயத்துடிப்போடு மெல்லிய இரைச்சலும் கேட்கும். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லாமலே வருகிற அந்த ஒலியை ‘இன்னசென்ட் மர்மர்’ என்பார்கள். இதைக் ‘குற்றமற்ற முணுமுணுப்பு’ என்று எழுதினால் பெற்றவர்களுக்கு என்ன விளங்கும்? ‘தீங்கில்லாத இரைச்சல்’ என்றால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

தீங்கு செய்யாமைக்குக் குறளில் ஓர் அதிகாரமே உண்டு: 32ஆவது, ‘இன்னா செய்யாமை’. ‘இன்னா’, ‘இன்னசென்ட்’ என்ற ஒலி ஒற்றுமையைப் பார்த்து உறவு கொண்டாடிவிடக் கூடாது, அது தற்செயல். பொருள் பொருந்துகிறது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய அதிகாரம் ‘வெகுளாமை’. அங்கே வெகுளி என்றால் கோபம். ‘அழுக்காறு அவாவெகுளி இன்னாச்சொல்’ என்று அறத்துக்கு ஆகாத நான்கில் ஒன்றாக வைக்கப்பட்ட சொல், இன்று சூதுவாது தெரியாதவரைக் குறிக்கிறது. பழம்பாடலுக்கு உரை எழுதுகிறவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும்.

‘நிரபராதி’ வடமொழிச் சொல். ‘அபராதம்’ அங்கே குற்றம். தமிழில் அதுவே தண்டத்தொகை ஆகிவிட்டது. நல்ல தமிழில் ‘குற்றமற்றவர்’ போதும். ‘அப்பாவி’யில் இரக்கம் கலந்திருக்கிறது. எதிர்க்கத் தெரியாதவர், விவரம் போதாதவர் என்ற சாயலும் கூடவே வரும். குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களை அப்பாவிகள் என்பது பொருந்தும். தன் தரப்பை நீதிமன்றத்தில் உறுதியாக வாதாடி விடுதலையான ஒருவரை அப்பாவி என்றால் அவரைச் சிறுமைப்படுத்துவதாகும்.

சட்டத்துக்கு வந்தால் இன்னும் நுட்பம் தேவை. ‘நாட் கில்ட்டி’ என்பதும் ‘இன்னசென்ட்’ என்பதும் ஒன்றல்ல. குற்றம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படாவிட்டால், சந்தேகத்தின் பலனை அளித்து நீதிபதி விடுதலை செய்வார். தீர்ப்பு அப்படி இருக்கும்போது ‘நிரபராதி என நீதிமன்றம் அறிவித்தது’ என்று செய்தி போடுவது மிகை. ‘குற்றம் நிரூபிக்கப்படாததால் விடுதலை’ என்பதே சரி.

எனக்குப் பெரிய வருத்தம் இதற்கு எதிர்த்திசையில் நடப்பது. குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை ஒருவரைக் குற்றமற்றவராகவே கருத வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 11ஆவது பிரிவில் சொல்கிறது. இந்தியக் குற்றவியல் நீதிமன்றங்களும் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. மெய்ப்பிக்கும் பொறுப்பு பொதுவாக அரசுத் தரப்பைச் சேர்ந்தது. நம் செய்திகளிலோ கைதான அன்றே ‘குற்றவாளி பிடிபட்டார்’ என்று வந்துவிடுகிறது. விசாரணை தொடங்கவில்லை, சாட்சி ஏறவில்லை, அதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அவருடைய பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்பதை அந்தத் தலைப்பை எழுதுகிறவர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நீதிமன்றத்தில் அவர் ஏறி நிற்கும் இடத்தையே ‘குற்றவாளிக் கூண்டு’ என்றுதான் வழங்குகிறோம். ‘எதிரிக் கூண்டு’ என்றாலே போதும்; வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்றுதான் குறிப்பிடுகிறார்கள். செய்தி எழுதுகிறவர்கள் கைதின்போது ‘கைதானவர்’, வழக்கு நடக்கும்போது ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்று எழுதலாம். ‘குற்றவாளி’ என்ற சொல்லைத் தீர்ப்பு வரும் நாளுக்கு விட்டுவைக்கலாம்.