கதைப்புத்தகத்தைத் திருப்பி அனுப்பாதீர்கள்

இந்த வாரமும் ஒரு கதைப்புத்தகம் வாசிக்கப்படாமலே நூலகத்துக்குத் திரும்பி வந்தது. "ஸ்கொலர்ஷிப் முடியட்டும் மிஸ், அதுக்குப் பிறகு வாசிக்கட்டும்" என்று அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த ஸ்கொலர்ஷிப் பரீட்சை தரம் 5இல்தான், பிள்ளை படிப்பது தரம் 3! கொழும்பில் பாடசாலை நூலகமொன்றைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

பெற்றோரே, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் பந்தி கொடுத்துக் கேள்வி கேட்கிறார்கள். கணக்குக்கூட வசனமாகத்தான் வருகிறது. பின்னேரம் டியூஷன், இரவில் பாஸ் பேப்பர் எனும் பழைய வினாத்தாள் என்று ஓடும் பிள்ளை, முதல் வரியைப் பார்த்ததுமே விடையைத் தேடத் தொடங்கிவிடுகிறது. 'பொருந்தாதது எது' என்று கேட்டிருப்பதைக் கவனிப்பதே இல்லை. அதற்கு இன்னொரு வினாத்தாள் மருந்தல்ல. ஒரு வசனத்தைக் கடைசிவரை பொறுமையாக வாசிக்கும் பழக்கம் கதையில்தான் வரும், அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலில். அப்புறம், நீங்கள் சொல்லும் அந்த 'பிறகு' வருவதே இல்லை. தரம் 6இல் புதுப் பாடங்கள், அதன்பின் சாதாரண தரம், உயர்தரம் என்று பரீட்சைகள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். எழுதப் பயந்தே மெல்லிய புத்தகமாகத் தேடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாம் நடக்கும், புத்தக அலுமாரி மட்டும் பூட்டியே கிடக்கும். புத்தகம் கிழிந்துவிடுமாம். கிழியட்டும், ஒட்டிக்கொள்ளலாம்.

வகுப்பில் 10 நிமிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவேளையில் அந்தப் புத்தகத்தைக் கேட்டு நூலகத்துக்கு வருவார்கள். புத்தகத்தைப் பிள்ளையே தெரிவுசெய்யட்டும். சித்திரக்கதையா, சரி. போன வாரம் எடுத்த அதே புத்தகமா, அதுவும் சரி. பாதியில் பிடிக்காமல் போனால் மாற்றிக் கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

புத்தகம் வாங்க வசதியில்லையா? வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. 1925இல் தொடங்கிய கொழும்புப் பொது நூலகத்தில் சிறுவர்களுக்குத் தனிப் பகுதியே உண்டு. தயவுசெய்து ஒரு சனிக்கிழமை டியூஷனை விட்டுவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப்போங்கள். போன இடத்தில் பின்னால் நின்று, "அறிவு வளர்ற புத்தகமா எடு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.