சைக்கிளைக் கடைக்குக் கொண்டுவரும் முன்பு

"பெடல் லூசா இருக்குண்ணே, கொஞ்சம் டைட் பண்ணிக் குடுங்க." இப்படி வருகிற சைக்கிள் ஆன்லைனில் வாங்கியதாக இருந்தால், டைட் பண்ண அங்கே மரை மிச்சம் இருக்காது. '85 சதவீதம் பூட்டியது' என்று பெட்டியில் வரும். மீதியை வீட்டிலேயே பூட்டிவிடுவார்கள். ஹேண்டில்பார், முன்சக்கரம், பிரேக், பெடல் எல்லாம் அந்த மீதிக்குள்தான் இருக்கின்றன. கீழே விழுந்து பல் உடைவதற்கு அதுவே போதும்.

வலது பெடலுக்கு நேர் மரை (வலஞ்சுழியாகச் சுற்றினால் இறுகும்), இடது பெடலுக்கு எதிர் மரை (இடஞ்சுழியாக இறுகும்). பெடல் அச்சின் முனையில் எல், ஆர் என்று பொறித்திருக்கும். மாற்றி மாட்டிவிட்டு, ஏறவில்லையே என்று ஸ்பேனரை மிதித்து ஏற்றினால் இரும்பு அச்சு, பெடலைத் தாங்கும் அலுமினியக் கையான கிராங்கின் மரையை வழித்துவிடும். அதற்கப்புறம் கிராங்கையே மாற்ற வேண்டியதுதான். சரியான பக்கம் என்றால் மூன்று நான்கு சுற்று விரலாலேயே ஏறும். பிறகுதான் 15 எம்எம் ஸ்பேனர். அச்சின் மேல் நிற்கும் ஸ்பேனரை முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பெடலும் இறுகும், பின்னால் இழுத்தால் கழலும்.

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையான ஃபோர்க் பின்பக்கமாகத் திரும்பியிருப்பதும் இதே மாதிரி வீட்டில் பூட்டும்போது வரும் தவறுதான். டிஸ்க் பிரேக் சைக்கிளில் முன்சக்கரத்தின் காலிபர் (தட்டைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் பாகம்) ஓட்டுபவரின் இடதுகைப் பக்கம், ஃபோர்க் காலுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வலப்பக்கம் முன்னால் தெரிந்தால் ஓட்டாதீர்கள், உருட்டிக்கொண்டே வாருங்கள்.

அடுத்த தலைவலி செயின். "புதுச் செயின் போட்டும் தாவுது" என்று சண்டைக்கு வருகிறவர்களுக்குப் பதில் ஒரு இரும்பு ஸ்கேலில் இருக்கிறது. செயினின் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் அரை அங்குலம். ஆகவே 24 கண்ணி சேர்ந்தால் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். 12-க்கு மேல் 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும். 1/8 அங்குலம் கூடியிருந்தால் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லும் அந்த நீளத்துக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். அதில் புதுச் செயினைப் போட்டால் மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பல்லின்மேல் ஏறித் தாவும். ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றச் சொன்னால், பில்லை ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். 1/16-இல் பிடித்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது.

செயினைத் தின்பது மண்ணும் எண்ணெயும் சேர்ந்த விழுது. தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுத்துக் கட்டிப்போகும். பைக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலில் இரும்புத் தூளும் கலந்திருக்கும், அதைச் செயினில் ஊற்றுவது அரம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். துணியால் செயினைத் துடையுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு சைக்கிள் செயின் ஆயில் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். கால் மணி நேரம் கழித்து வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். உள்ளே இருப்பது போதும். டிஸ்க் தட்டில் மட்டும் எண்ணெய் படவே கூடாது. பட்டால் பிரேக் பேடும் சேர்ந்து போய்விடும்.

"26 டயர் ஒண்ணு" என்று ஆளனுப்பினால் எதைக் கொடுப்பது? 26 x 1-3/8 டயரும் 26 x 1.95 டயரும் ஒரே ரிம்மில் ஏறாது. முதலாவதன் உள்விட்டம் 590 எம்எம், இரண்டாவது 559. பழைய டயரின் பக்கவாட்டில் 37-590, 50-559 என்பதுபோல் ஒரு எண் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து அனுப்பினால் இரண்டு நடை மிச்சம்.

பஞ்சரில் ஓட்டை இருக்கும் இடமே காரணத்தைச் சொல்லும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் விட்டிருக்கிறீர்கள். ரிம் பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் தலை குத்துகிறது, அதை மூடியிருக்கும் ரிம் டேப்பை மாற்ற வேண்டும். கருவேல முள் என்றால் டியூபை ஒட்டினால் மட்டும் போதாது, டயருக்குள் முனை ஒடிந்து நிற்கும். பழைய மாடல் சைக்கிளில் காற்று மெல்ல இறங்கினால் முதலில் வால்வு முனையில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. காற்றில்லாத சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்தால் மட்டும் டியூப் வால்வடியில் கிழிந்துவிடும், அதை யாராலும் ஒட்ட முடியாது.

"ஏதோ சத்தம் வருது, பாருங்க" என்று விட்டுப் போகாமல், எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லுங்கள். மிதிக்காமல் விட்டாலும் வந்தால் சக்கரம், அதன் நடுவில் உள்ள ஹப், பிரேக் பக்கம் தேடலாம். பெடல் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வந்தால் பெடல், கிராங்க் அல்லது நடு அச்சு. கேரியர் வைத்த பழைய வகைச் சைக்கிளில் பெரும்பாலும் கிராங்கை நடு அச்சோடு பூட்டும் ஆப்பான காட்டர் பின் தளர்ந்திருக்கும். நட்டை மட்டும் முறுக்கிக்கொண்டே போனால் பின்னின் மரைதான் போகும், சுத்தியலால் இறக்கிய பிறகே நட்டை இறுக்க வேண்டும். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது: 44 பல் செயின் வீலில் சுமார் 110 கண்ணிச் செயின் ஒரு முழுச் சுற்று வர அவ்வளவு மிதி ஆகும்.