காற்று வழி, எலும்பு வழி: நடுச்செவிக் கோளாறைக் கண்டறிவது எப்படி?

ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாயை மூடியபடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் ஒலி பலமாகக் கேட்கும். நம் குரல் மண்டையோட்டு எலும்பு வழியாகவும் உட்செவியை எட்டுகிறது. வெளியே அடைப்பு இருந்தாலும் அந்த வழி திறந்தே இருக்கும். காது மந்தத்துக்குக் காரணம் நடுச்செவியா, உட்செவியும் நரம்புமா என்று மருத்துவர் பிரித்தறிவது இதை வைத்துத்தான்.

காற்றில் வரும் ஒலி உட்செவியின் திரவத்தில் நேராக மோதினால் ஏறக்குறைய முழுவதும் திரும்பிப் போய்விடும். அதை ஈடுகட்டுவதுதான் நடுச்செவியின் வேலை. செவிப்பறையின் அதிரும் பரப்பு சுமார் 55 சதுர மி.மீ.; சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புத் தொடரில், உட்செவியைத் தொடும் அங்கவடியின் அடித்தட்டு 3.2 சதுர மி.மீ.தான். அகன்ற பரப்பில் வாங்கிய விசை அந்தச் சிறு பரப்பில் குவிகிறது. சுத்தி, பட்டடை எலும்புகள் நெம்புகோலாகவும் உதவுவதால் அழுத்தம் சுமார் 22 மடங்காகிறது. செவிப்பறையில் ஓட்டை, எலும்பில் அரிப்பு, உள்ளே நீர் என எது வந்தாலும் இந்தப் பெருக்கம் கெடும். உட்செவி நலமாகவே இருப்பதால், இவ்வகை மந்தத்தைப் பெரும்பாலும் சரிசெய்யலாம்.

ஜெர்மன் மருத்துவர் ரின்னே 1855-இல் விவரித்த சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் காதின் பின்னெலும்பில் வைப்பார்கள். பிறகு காதருகே பிடிப்பார்கள். காற்று வழியைவிட எலும்பு வழியில் நன்றாகக் கேட்டால் நடுச்செவியைச் சந்தேகிக்கலாம். ஆனால் ஒரு காது அறவே கேட்காதவருக்கும் இதே முடிவு வரும். எலும்பு வழியே மறுகாது கேட்டுவிடுகிறது. அதனால்தான் மறுகாதை ஓர் இரைச்சலால் மறைத்து ஆடியோகிராம் என்னும் கேட்டல் அளவு வரைபடம் எடுப்பது அவசியம். இரு வழிகளுக்கும் உள்ள இடைவெளியை அது டெசிபல் கணக்கில் காட்டும். செவிப்பறை முழுதாக இருந்து, எலும்புத் தொடர் அறுந்திருந்தால் இழப்பு 60 டெசிபல் வரை போகும்.

குழந்தைகளுக்கு நடுச்செவியில் பசைநீர் தேங்குவதுண்டு. வலி இருக்காது; குழந்தை கூப்பிட்டால் திரும்பாது, டிவி சத்தத்தைக் கூட்டும். அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது கொடுமை. பெரும்பாலும் மூன்று மாதங்களுக்குள் தானே வடியும். வடியாமல் கேட்டலைப் பாதித்தால், செவிப்பறையில் குரோமெட் என்ற சிறு குழாய் வைக்கிறார்கள்.

பெரியவர்களில் சிலருக்கு அங்கவடி எலும்பு இறுகி அசையாமல் போகும். 1956-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜான் ஷியா ஒரு பெண்ணுக்கு அந்த எலும்பை எடுத்துவிட்டு டெஃப்லான் மாற்று பொருத்தினார். இன்றைய அறுவை சிகிச்சை அதன் வழிவந்ததே.

நாள்பட்ட காது சீழ் வேறு கதை. செவிப்பறையில் ஓட்டை உள்ள காதில் எண்ணெய் விடவே கூடாது; தண்ணீரும் புகக் கூடாது. சொட்டு மருந்தால் காது காய்ந்தபின், காதுக்கு மேலே உள்ள பொட்டுத் தசையின் மேலுறையை எடுத்து ஓட்டையை ஒட்டுவார்கள். சீழ் துர்நாற்றம் அடித்தால் தாமதிக்காதீர்கள். கொலஸ்டியாட்டோமா என்னும் தோல் வளர்ச்சியாக இருக்கலாம். அது எலும்பை அரித்து முகநரம்பையும் மூளையையும் தொடக்கூடியது. அங்கே முதல் வேலை நோயை முழுவதும் அகற்றுவது. கேட்கும் திறனைச் சீரமைப்பதைச் சில சமயம் இரண்டாம் அறுவைக்குத் தள்ளிவைக்கிறார்கள்.