சாம்பலைக் கூட்ட முதல் ஜி.எஸ்ஸை, அதாவது கிராம சேவகரை, கூப்பிடுங்கள்

வறண்ட கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இலங்கையின் கிழக்கில், மட்டக்களப்புப் படுவான்கரையிலும் அம்பாறையின் திருக்கோவில், பொத்துவில் பக்கமும் காய்ந்த புல்லும் பற்றையும் எரிவது புதுசில்லை. வேட்டைக்குப் போனவர் வைத்ததா, மாட்டுக்குப் புதுப்புல் வரட்டும் என்று வைத்ததா, யாருக்கும் தெரியாது. நெருப்பு நகர்ந்து வந்து கிடுகுக் கூரையைப் பிடித்த பிறகு, விடிந்ததும் வீட்டுக்காரர் செய்கிற முதல் வேலை சாம்பலைக் கூட்டி அள்ளுவது. சேதத்துக்குச் சாட்சியும் அதோடு போய்விடும், அங்கேதான் பாதி நிவாரணம் போய்விடுகிறது.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் அனர்த்தம் என்று சொல்கிறவற்றில் வெள்ளம், சூறாவளியோடு தீயும் இருக்கிறது, காட்டுத் தீயும் இருக்கிறது. அதனால் மட்டும் காசு வந்துவிடாது. ஆனால் "இது வெள்ளமில்லையே, நெருப்புத்தானே" என்று யாராவது கையை விரித்தால் பதில் சொல்ல இது போதும்.

முதல் நாளே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்துச் சொல்லுங்கள், ஜி.எஸ்ஸை இடத்துக்கு வரச் சொல்லுங்கள், பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி வாங்குங்கள். எரிந்த அடையாள அட்டைக்குத் திரும்ப விண்ணப்பிக்கவும் அதே பிரதிதான் வேண்டும். எரிந்த கூரை, சுவர், பானை சட்டி, செத்த ஆடு மாடு எல்லாவற்றையும் அப்படியே போனில் படம் எடுங்கள். மாட்டுக்குக் காதுப்பட்டி இருந்தால் இலக்கம் தெரிகிற மாதிரி எடுங்கள்.

இனித்தான் கவனம். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவருடைய வீட்டில் குசினிப் பக்கம்தான் கூடுதலாக எரிந்திருந்தது. அறிக்கையில் "அடுப்பு நெருப்பு, கவலையீனம்" என்று எழுதிவிட்டார்கள். பின்காணி முழுக்கக் கருகிக் கிடந்ததை ஒருவரும் எழுதவில்லை, அவவும் வாசிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டா. அந்த ஒரு வரியைத் திருத்த நாலு மாதம் பிரதேச செயலகத்துக்கும் ஜி.எஸ் அலுவலகத்துக்கும் நடந்தா, போகும்போதெல்லாம் "சேர் ஃபீல்டுக்குப் போய்ட்டார்" என்ற ஒரே பதில்தான். நெருப்பு எந்தப் பக்கமிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

அடுத்த சிக்கல் சேத மதிப்பீடு. மண்சுவர் நிற்கிறதென்றால் "பகுதிச் சேதம்" என்று போட்டுவிடுவார்கள். சூட்டில் வெடித்த சுவர் மாரி மழைக்கு நிற்குமா? தொழில்நுட்ப உத்தியோகத்தர் வரும்போது வெடிப்பைக் கையால் தொட்டுக் காட்டுங்கள், கூடவே பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேர் நிற்கட்டும். ஒரே கூரைக்குள் மகள் குடும்பமும் இருந்தால் அவர்கள் பெயரும் தனியாகப் பதியப்பட்டதா என்று அன்றைக்கே கேளுங்கள், பிறகு கேட்டால் "ஒரு வீடு, ஒரு குடும்பம்" என்பார்கள்.

காணிதான் பெரிய தலையிடி. எங்கள் பக்கம் பாதிப் பேருடைய பெர்மிட் (அரச காணி அனுமதிப்பத்திரம்) அப்பா பெயரிலோ, செத்துப்போன தாத்தா பெயரிலோ இருக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. வீடு கட்டும் உதவி இங்கேதான் மாட்டிக்கொள்ளும். ஆனால் சமைத்த சாப்பாடு, உலருணவு போன்ற உடனடி உதவிக்குக் காணிப் பத்திரம் கேட்டால் அங்கேயே நின்று "எந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது சேர்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வாய்ப்பேச்சாகச் சொல்லும் மறுப்பு மறுப்பே இல்லை, எழுத்தில் வாங்குங்கள்.

எழுத்தில் தர மாட்டோம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் விண்ணப்பம் யாருடைய மேசையில், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது" என்று ஒரு தாளில் எழுதி, கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பல நேரம் அந்தத் தாள் போனதுமே ஃபைல் தானாக நகரும், நான் பார்த்திருக்கிறேன். அம்பாறைக் கச்சேரியிலிருந்து (மாவட்டச் செயலகத்திலிருந்து) கடிதம் சிங்களத்தில் வந்தால் தமிழில் கேளுங்கள், கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையே சொல்கிறது.

உதவி செய்ய வருகிறவர்களுக்கும் ஒன்று. பழைய உடுப்பு மூட்டை போதும் போதும் என்ற அளவுக்கு வந்துவிடும். கிடுகு, தகரம், தண்ணீர் வாளி கொண்டுவாருங்கள், முடிந்தால் கடிதம் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையையும் ஒரு போட்டோகொப்பிக் கட்டையும் கூட்டி வாருங்கள். பிரதேச செயலகத்துக்கு ஒவ்வொருவராகப் போகாமல் பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் எல்லோரும் ஒரே நாளில், ஒரே பட்டியலோடு போங்கள், பட்டியலின் பிரதியில் திகதி முத்திரை விழாமல் வெளியே வராதீர்கள்.