லாரியில வந்து இறங்குற டாய்லெட் நாறாம இருக்கிறது எப்படி?

தண்ணி லைன் கிடையாது, கரண்ட் கிடையாது, பாதாள சாக்கடைன்ற பேச்சுக்கே இடமில்ல, ஆனா தினமும் முந்நூறு நானூறு பேர் வந்து போற இடம், ஒரு மலைப்பாதை ஆரம்பிக்கிற இடம்னு வச்சுக்கங்களேன். அங்க ஒரு டாய்லெட் வேணும். கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய் கட்டலாம்தான், ஆனா சிமெண்ட் மூட்டைல இருந்து கலக்குற தண்ணி வரைக்கும் எல்லாத்தையும் மேல ஏத்தணும், மழை வந்தா வேலை நிக்கும், அடிச்ச கலவை சரியா இருந்துச்சானு பாக்க அங்க ஆளும் இருக்காது. அதான் மொத்தத்தையும் ஃபேக்டரியிலயே வார்த்து, லாரியில ஏத்தி, கிரேன்ல தூக்கி வச்சிட்டு வந்துடுறாங்க. பிரீகாஸ்ட் டாய்லெட்னு சொல்றது இதைத்தான்.

ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல. பக்மின்ஸ்டர் ஃபுல்லர்னு ஒரு அமெரிக்க டிசைனர் 1930கள்லயே தகட்டை அழுத்தி முழு பாத்ரூமையும் நாலு துண்டா செஞ்சு பாத்தாரு, அது ஓடல. 1964ல டோக்கியோவுல நியூ ஓட்டானி ஹோட்டல் கட்டும்போது ஒலிம்பிக்ஸுக்கு நாள் நெருங்கிடுச்சு, ஆயிரத்துக்கும் மேல ரூமு, டோட்டோ கம்பெனி ஃபேக்டரியில செஞ்ச ரெடிமேட் பாத்ரூம்களைக் கொண்டு வந்து உள்ள சொருகினதுக்கு அப்புறம்தான் இந்த முறை நிஜமாவே சூடு பிடிச்சுது. ஆனா ஹோட்டல்ல பைப்பு ரெடியா இருக்கும். காட்டுல இருக்காது. அங்க எல்லா சிக்கலும் காத்துலதான், அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல பெட்டி. இரும்பு அச்சுல கம்பி கட்டி, கான்கிரீட் ஊத்தி, வைப்ரேட்டர் போட்டு காத்துக்குமிழியை வெளியேத்தி, ஒரே சூட்டுல ஒரே ஈரத்துல க்யூரிங் பண்றாங்க, அதாவது இறுகி கெட்டியாக விடுறாங்க. அச்சோட உள்பக்கம் ரப்பர் ஷீட் ஒட்டி வச்சா வெளிச்சுவரு மரப்பலகை மாதிரியோ கருங்கல் மாதிரியோ பதிஞ்சு வரும், கலவையிலயே நிறத்தையும் சேத்துடுவாங்க, அதனால பெயிண்ட் உரியற பிரச்னை பெருசா இல்ல. இதோட விலை எடைதான். கான்கிரீட் ஒரு கன மீட்டர் 2,400 கிலோ. பத்து சென்டிமீட்டர் கனத்துல ஒரே ஒரு சதுர மீட்டர் சுவரே 240 கிலோ, சுவரு கூரை தரைனு கூட்டிப் பாத்தா ஒத்த அறை டாய்லெட்டே சுமாரா பத்து பன்னெண்டு டன்னுக்கு வந்து நிக்கும்.

சைஸை முடிவு பண்றது ரெண்டு நம்பர். உள்ள வீல்சேர் முழுசா ஒரு சுத்து திரும்பணும், அதுக்கு ஒன்றரை மீட்டர் விட்டத்துல காலி இடம் விடணும், இதுல சமரசம் கிடையாது. வெளிய, ஸ்பெஷல் பர்மிட் இல்லாம ரோட்டுல போகணும்னா பல நாடுகள்ல அகலம் சுமார் 2.6 மீட்டர்தான். 2.6ல ரெண்டு பக்க சுவரைக் கழிச்சு, டாய்லெட் பீங்கானுக்கும் கைப்பிடிக்கும் இடம் விட்டு, மிச்சத்துல அந்த ஒன்றரை மீட்டர் வட்டத்தை அடைக்கணும். ஒத்த அறை டாய்லெட் பலதும் நீளவாக்குல ஒடுக்கமா இருக்க இதுவும் ஒரு காரணம். அகலமா வேணும்னா ரெண்டு துண்டா கொண்டு போய் அங்க ஒட்டணும், இல்லனா பர்மிட் வாங்கி முன்ன பின்ன வண்டி விட்டு கூட்டிட்டுப் போகணும்.

கிரேன்ல ஏமாறுற ஆளுங்க நிறைய. "50 டன் கிரேன்"னு சொல்றது கிட்டத்தட்ட அதோட காலடியில தூக்கும்போது மட்டும்தான், கையை இருபது மீட்டருக்கு நீட்டினா தூக்குற சக்தி சில டன்னாதான் இருக்கும். அதனால கிரேன் குழிக்குப் பக்கத்துல வந்து நிக்க கெட்டியான தரை இருக்கா, மேல மரக்கிளை இடிக்குமா, இதையெல்லாம் பாக்காம ஆர்டர் போட்டா டாய்லெட் லாரி மேலயே உக்காந்திருக்கும்.

குழியில முதல்ல இறங்குறது தொட்டி. மேல கட்டடம், கீழ மண்ணுக்குள்ள கசிவே இல்லாத ஒரு கான்கிரீட் தொட்டி, நாலாயிரம் லிட்டர் பிடிக்கும். இது செப்டிக் டேங்க் இல்ல, வெளிய எங்கயும் போகாது, நிரம்பினா லாரி வந்து உறிஞ்சி எடுக்கணும். ஒரு ஆளு ஒரு தடவைக்கு சராசரியா கால் லிட்டர்னு வச்சா நாலாயிரம் லிட்டருக்கு 16,000 தடவை. ஃப்ளஷ் இருந்தா ஒரு தடவைக்கு நாலு ஆறு லிட்டர் போயிடும், ஆயிரம் பேர் வர்றதுக்குள்ளயே தொட்டி ஃபுல். தண்ணி இல்லாத இடத்துல தண்ணி இல்லாத டாய்லெட்னு சொல்றதை விட, லாரி அடிக்கடி வர முடியாத இடத்துல தண்ணி இல்லாத டாய்லெட்னு சொல்றதுதான் கரெக்ட்.

இதுல ஒரு வினோதமான ஆபத்து இருக்கு, தொட்டி மிதக்கும். கான்கிரீட் மிதக்குமானு கேக்காதீங்க, வாயைக் கட்டின காலிக்குடத்தைத் தண்ணிக்குள்ள அமுக்கிப் பாருங்க, அதே கதைதான். தொட்டியோட வெளி அளவு 5 கன மீட்டர்னா, நிலத்தடி நீர் முழுசா சூழ்ந்துட்டா மேல தள்ளுற விசை 5 டன். மேல கட்டடம் உக்காந்துட்டா பிரச்னை இல்ல. ஆனா தொட்டியை வச்ச அன்னைக்கு ராத்திரி மழை பேஞ்சு குழி ரொம்பி, கட்டடம் ஏத்தின லாரி மறுநாள்தான் வருதுன்னா? அதுக்குத்தான் வச்ச கையோட உள்ள கொஞ்சம் தண்ணியை ஊத்தி வைக்கிறது, சுத்தி மண்ணை உடனே நிரப்பிடுறது. பிளாஸ்டிக் தொட்டின்னா எடையே கிடையாது, அடியில கான்கிரீட் போட்டு கட்டி வச்சே ஆகணும்.

சரி, காத்துக்கு வரேன். கீழ ஆயிரக்கணக்கான லிட்டர் கழிவு தேங்கிக் கிடக்கு, மேல ஓட்டைக்கு நேரா ஆளு உக்காந்திருக்காரு, நடுவுல தண்ணித் தடுப்பு கிடையாது. நம்ம வீட்டு டாய்லெட்டுல வளைவுல நிக்கிற தண்ணிதான் வாடையைத் தடுக்குது, இங்க அது இல்ல. அப்ப ஒரே வழி, அந்த ஓட்டை வழியா காத்து எப்பவும் கீழ்நோக்கியே போகணும், அறையில இருந்து தொட்டிக்கு, தொட்டியில இருந்து ஒரு குழாய் வழியா கூரைக்கு மேல. ஒரு நிமிஷம் திசை மாறினாலும் உள்ள இருக்கிற ஆளு ஓடி வந்துடுவாரு. அமெரிக்க வனத்துறை இதை 1980கள் கடைசியில உக்காந்து ஆராய்ச்சி பண்ணி, நாறாத டாய்லெட்டுக்குனு ஒரு டிசைனே போட்டுச்சு, இன்னைக்கு அந்த ஊர்ல விக்கிற பிரீகாஸ்ட் டாய்லெட் பலதும் அதோட வாரிசுதான்.

அதுல முக்கியமான சாமான் ஒரு கருப்புக் குழாய், 30 சென்டிமீட்டர் விட்டம், கூரையோட உச்சியைத் தாண்டி ஒரு மீட்டர் நீட்டிக்கிட்டு நிக்கும். வெயில் பட்டு குழாய் சூடாகும், உள்ள இருக்கிற காத்து சூடாகி லேசாகி மேல ஏறும், அந்த இடத்தை நிரப்ப தொட்டிக் காத்து மேல வரும், தொட்டிக்கு அறைக் காத்து இறங்கும். எவ்வளவு பலம்னு கணக்கு போட்டா சிரிப்பு வரும். 30 டிகிரி காத்து ஒரு கன மீட்டர் 1.16 கிலோ, 45 டிகிரியில 1.11 கிலோ, நாலு மீட்டர் குழாய்க்கு அழுத்த வித்தியாசம் சுமார் 2 பாஸ்கல். ஒரு சதுர மீட்டர் பலகை மேல 200 கிராம் எடையைப் பரப்பி வச்சா எவ்வளவோ அவ்வளவுதான். இந்த நோஞ்சான் விசையை வீணாக்காம இருக்கத்தான் குழாய் அவ்வளவு தடிமன். பத்து சென்டிமீட்டர் பைப்பு போட்டா பரப்பு ஒன்பதுல ஒரு பங்கு ஆயிடும், உராய்வும் கூடும், நடுவுல எல்போனு ஒரு வளைவுத் துண்டு வேற போட்டாங்கன்னா கதை முடிஞ்சுது. தடிச்ச குழாய்ல வினாடிக்கு அரை மீட்டர் வேகத்துல காத்து ஏறினாலே மணிக்கு சுமார் 130 கன மீட்டர், அதாவது 14 கன மீட்டர் இருக்கிற ஒரு அறையோட காத்து மொத்தமா ஒன்பது தடவை மாறிடும்.

ஆனா ராத்திரி? மழை நாளு? அங்கதான் காத்தடிக்கிறது கை கொடுக்குது, உண்மையில வெயிலை விட அதுதான் பெரிய வேலைக்காரன். வினாடிக்கு 3 மீட்டர்ன்றது மரத்துல இலை அசையற அளவு காத்துதான், அதுவே 5 பாஸ்கலுக்கு மேல அழுத்தம் கொண்டு வரும், வெயிலால வர்றதை விட ரெண்டு மடங்கு. குழாய் வாய்க்கு மேல குறுக்கா காத்து ஓடும்போது உள்ள இருக்கிறதை உறிஞ்சும், அதே காத்து சுவர்ல இருக்கிற ஜன்னல் வழியா உள்ள தள்ளும். ரெண்டும் சேந்தாதான் ஓட்டம்.

இப்ப பாருங்க, ஃபேக்டரியில எல்லாத்தையும் மில்லிமீட்டர் சுத்தமா செஞ்சு அனுப்பலாம், ஆனா எந்தப் பக்கம் பாத்து வைக்கணும்னு ஃபேக்டரிக்குத் தெரியாது. காத்து வர்ற ஜன்னல் வழக்கமா காத்தடிக்கிற திசையைப் பாத்து இருக்கணும். அதைத் திருப்பி வச்சா அந்த ஜன்னலே அறைக் காத்தை வெளிய உறிஞ்சும், அறையில அழுத்தம் குறையும், தொட்டிக் காத்து ஓட்டை வழியா மேல வரும். அதே பெட்டி, அதே குழாய், அதே தொட்டி, 180 டிகிரி திரும்பி நிக்குது, நாறுது. எதிரெதிர் சுவர்ல ரெண்டு ஜன்னல் வச்சாலும் இதே வம்புதான், குறுக்குக் காத்து வந்தா நல்லதுனு நெனச்சு செய்வாங்க, எதிர் ஜன்னல் வெளிய உறிஞ்சி கீழ போக வேண்டிய காத்தை மேல இழுத்துடும். கதவைக் கல்லு வச்சு திறந்தே விடுறவங்களும் ஒருவகையில இதைத்தான் பண்றாங்க. அப்புறம் குழாய் வெயில் பக்கம் இருக்கணும், பூமத்திய ரேகைக்கு நல்லா வடக்க இருக்கிற ஊர்கள்ல அது தெற்குப் பக்கம். நிழலா இருக்கட்டும்னு பெரிய மரத்தடியில கொண்டு போய் வச்சா வெயிலும் போச்சு காத்தும் போச்சு. எனக்குத் தெரிஞ்சு நாத்தம் பத்தின புகார்ல பெயிண்ட், ஃபினாயில், ஆளு போட்டு கழுவுறதுனு என்னென்னமோ பேசுவாங்க, எந்தப் பக்கம் பாத்து நிக்குதுனு யாரும் கேக்க மாட்டாங்க.

குழாயோட இன்னொரு வேலை ஈ பிடிக்கிறது. இது ஜிம்பாப்வேல குழி டாய்லெட்டுக்காக பீட்டர் மோர்கன்னு ஒருத்தர் 1970கள் ஆரம்பத்துல கண்டுபிடிச்சு பரப்பினது, அவருக்கு 2013ல ஸ்டாக்ஹோம் தண்ணீர் பரிசு கெடச்சுது. ஈ வாடையைத் தேடித்தான் வரும், வாடை குழாய் உச்சியில வருது, அங்க ஒன்றரை மில்லிமீட்டருக்கும் சின்ன கண்ணு இருக்கிற வலை, உள்ள போக முடியாது. குழிக்குள்ள பொரிக்கிற ஈ வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும், அறை இருட்டா இருந்தா குழாய் வாய்தான் ஒரே வெளிச்சம், மேல போய் வலையில முட்டி செத்து கீழ விழும். அவரோட சோதனையில 78 நாள்ல குழாய் இல்லாத குழியில 13,953 ஈ, குழாய் வச்ச அதே மாதிரி குழியில 146 ஈ. ஆனா பாருங்க, பார்க்குல வர்றவங்களுக்கு அறை பளிச்சுனு இருந்தாதான் பயமில்லாம உள்ள போவாங்க, வெளிச்சம் கூடினா ஈ சீட்டு மேலேயே வரும். ரெண்டுல ஒண்ணை விட்டுக் கொடுக்கணும், நகரத்துல எல்லாரும் வெளிச்சத்தையே எடுத்துக்கிறாங்க.

வலை இல்லாத பெரிய குழாய்ல வேற ஒரு சோகம். மரப்பொந்துல கூடு கட்டுற சின்ன ஆந்தைங்க இந்தக் கருப்புக் குழாயைப் பொந்துனு நெனச்சு உள்ள இறங்கிடும், வழுவழு சுவரு, ஏறி வர முடியாது. அமெரிக்காவுல வயோமிங்ல டீட்டன் ராப்டர் சென்டர்னு பறவை மீட்புக் குழு இதுக்குனே குழாய் வாய்ல மாட்டுற உலோக மூடி செஞ்சு அனுப்புறாங்க. அதோட இடைவெளி பெருசு, காத்தோட்டத்துக்குத் தடையில்ல, ஆந்தை மட்டும் நுழைய முடியாது.

தொட்டிக்குள்ளயும் சின்னச் சின்ன யோசனை இருக்கு. தரையைச் சரிவா வார்ப்பாங்க, இல்லனா சீட்டுக்கு நேர் கீழ கோபுரம் மாதிரி குவிஞ்சிடும். ஒவ்வொரு தடவை காலி பண்ணினதுக்கு அப்புறமும் ரெண்டு மூணு இஞ்ச் தண்ணி விட்டு வச்சா புதுசா விழுறது ஒட்டாது. கழிவுல இருந்து வர்ற ஹைட்ரஜன் சல்ஃபைடை சுவர்ல இருக்கிற பாக்டீரியா சல்ஃபியூரிக் ஆசிடா மாத்தும், அந்த ஆசிட் கான்கிரீட்டை மேல்பக்கத்துல இருந்து அரிக்கும், அதனால உள்பக்கம் பூச்சோ பிளாஸ்டிக் லைனிங்கோ இல்லாத தொட்டியை வாங்காதீங்க.

தண்ணியும் சாக்கடையும் இருக்கிற நகரத்துப் பார்க்குக்கு வர்ற மாடல் வேற ரகம். அங்க எதிரி வாடை இல்ல, உடைக்கிற ஆளு. எல்லா பைப்பும் வால்வும் பின்னாடி ஒரு ஒடுக்கமான சர்வீஸ் அறைக்குள்ள, முன்னாடி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும். அமெரிக்காவுல போர்ட்லாண்ட் நகரம் 2008ல வச்ச 'போர்ட்லாண்ட் லூ'ன்ற டாய்லெட்டுல சுவரோட மேலயும் கீழயும் சாய்ந்த தகடு, உள்ள எத்தனை பேருனு வெளிய நிக்கிற போலீசுக்குக் காலைப் பாத்தே தெரியும், கை கழுவுற குழாயும் வெளியதான், அதனால உள்ள யாரும் துணி துவைச்சிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க.

லாரியே போகாத இடம்னா மொத்த கணக்கும் மாறும். அமெரிக்காவுல கொலராடோவுல 4,346 மீட்டர் உயரமுள்ள லாங்ஸ் பீக் பாதையில பழைய டாய்லெட் கழிவை வாளியில அள்ளி லாமான்ற ஒட்டக இனத்து மிருகத்தோட முதுகுல ஏத்தி கீழ கொண்டு வந்தாங்க. 2018ல அங்க யூனிவர்சிட்டி மாணவர்கள் வடிவமைச்ச புது டாய்லெட் வந்துச்சு, முன்னாடியே செஞ்ச லேசான ஸ்டீல் பாகங்கள், கம்பிக்கூண்டுல மலைக்கல்லையே நிரப்பின சுவரு. அங்க மூத்திரத்தைத் தனியா பிரிச்சிடுறாங்க. ஒரு ஆளு நாளைக்கு ஒன்றரை லிட்டர் மூத்திரம், மலம் நூத்தி சொச்சம் கிராம்தான், கிருமி பெரும்பாலும் மலத்துலதான். பிரிச்சிட்டா சுமக்க வேண்டிய எடை பத்துல ஒரு பங்கா குறையுது, ரெண்டும் கலந்தா வர்ற அம்மோனியா நெடியும் அடங்குது. கம்போஸ்ட் ஆக விடலாமேனு கேப்பீங்க, அந்தக் குளிர்ல பாக்டீரியா வேலையே செய்யாது.

கடைசியா உறிஞ்சுற லாரி. தண்ணியை வெறும் வெற்றிடத்தால கடல் மட்டத்துல 10 மீட்டருக்கு மேல தூக்க முடியாது, நடைமுறையில ஆறு ஏழு மீட்டர்தான், 3,000 மீட்டர் உயரத்துல இன்னும் முப்பது சதவீதம் கொறஞ்சிடும், அதனால லாரி நிக்கிற இடம் தொட்டிக்குக் கிட்டயும் ரொம்ப மேடில்லாமலும் இருக்கணும், ரோடு போடும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது. அதை விட தலைவலி குப்பை. டயப்பர், பாட்டில், செல்ஃபோன், கூலிங் கிளாஸ் எல்லாம் உள்ள விழும், நாலு இஞ்ச் ஹோஸ் ஒரு டயப்பர்ல அடைச்சு நிக்கும், டிரைவர் மூடியைத் திறந்து நீளக் கொக்கியால ஒண்ணொண்ணா மீன் பிடிக்கிற மாதிரி எடுத்து வெளிய போட்டுட்டுத்தான் மறுபடி மோட்டாரை ஆன் பண்ணுவாரு. வெளிய ஒரு குப்பைத்தொட்டி வச்சா கொஞ்சம் குறையும், ஆனா அப்ப குப்பையை எடுக்க வாராவாரம் ஒரு வண்டி வரணும், வண்டி வர முடியாதுனுதான இந்த டாய்லெட்டையே வச்சாங்க.