பாம்புப் பெட்டிக்குள் ஒரு வெப்பச் சரிவு

கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளில் வாழும் பந்து மலைப்பாம்பு, பகலில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் சுருண்டு கிடந்து, இருட்டிய பின் இரை தேடி வெளியே வரும். லண்டனிலோ டொரன்டோவிலோ அதை வளர்ப்பவர், அந்த மண்ணின் சூட்டை ஒரு பெட்டிக்குள் உண்டாக்கித் தர வேண்டும். (நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.)

செரிமானம், நோய் எதிர்ப்பு, தசை இயக்கம் ஆகிய அனைத்துக்கும் பாம்பு வெளியிலிருந்து பெறும் சூட்டையே நம்பியிருக்கிறது. இரை விழுங்கிய பின் குளிரில் கிடந்தால், வயிற்றில் உள்ள எலி செரிக்காமல் அழுகத் தொடங்கி, பாம்பு அதைக் கக்கிவிடக்கூடும். அதற்காகப் பெட்டி முழுவதையும் ஒரே சீராகச் சூடாக்குவதும் தவறுதான். சூடு மிகும்போது விலகிச் செல்ல இடமிருக்காது. ஆகவே ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், மறுமுனையில் 25 டிகிரியை ஒட்டி என ஒரு சரிவை அமைத்து, எங்கே எவ்வளவு நேரம் கிடப்பது என்பதைப் பாம்பிடமே விட்டுவிட வேண்டும். மறைவிடம் இரு முனைகளிலும் தேவை. ஒரு பக்கம் மட்டும் இருந்தால், கூச்சம் மிகுந்த இந்தப் பாம்பு சூட்டைக்கூட விட்டுக்கொடுத்து மறைவிலேயே கிடக்கும்.

பெட்டியின் அடியில் ஒட்டும் ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு) மலிவானது, ஆனால் கவனம் தேவைப்படுவது. அதன் மேல் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தென்னை நார்த்தூளைப் பரப்பினால், தூள் வெப்பத்தைக் கடத்தாமல் தடுப்பதால் மேற்பரப்பு குளிர்ந்தே இருக்க, அடியிலுள்ள கண்ணாடி மட்டும் கொதிக்கும். சூடு போதாத பாம்பு தூளைக் குடைந்துகொண்டு கீழே இறங்கி, கண்ணாடிமேல் வயிற்றை வைத்துப் படுத்துவிடும். வயிற்றுச் செதில்கள் வெந்து சிவந்த பிறகுதான் வளர்ப்பவருக்கே தெரியவரும். சூட்டை அளந்து மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இருந்தும் இது நேர்வதுண்டு, ஏனெனில் அதன் உணரியைக் குளிர்ந்த முனையில் வைத்திருந்தால், அங்கே சூடு ஏறும்வரை மேட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். உணரியின் இடம் மேட்டுக்கு நேர்மேலே, தூளுக்கு அடியில்தான்.

மேலிருந்து சூடு தரும் ஹாலஜன் விளக்கின் குறுகிய அலைநீள அகச்சிவப்புக் கதிர்கள் தோலைத் தாண்டிச் சற்று உள்ளேயும் இறங்குவதால், என் கணிப்பில் அதுவே வெயிலுக்கு நெருக்கமானது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டை அதற்குப் பொருத்த வேண்டும். ஒளி தராத செராமிக் குமிழ் இரவுக்கு ஏற்றது. இரண்டுக்கும் கம்பி வலைக்கூடு கட்டாயம்.

சூடாக்கும்போது காற்று வறண்டுவிடுவதைப் பலர் கணக்கில் கொள்வதில்லை. 20 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் கொண்ட காற்றை, நீர் சேர்க்காமல் 30 டிகிரிக்கு ஏற்றினால், ஈரப்பதம் ஏறக்குறைய 33 சதவீதமாகச் சரியும். இந்தப் பாம்புக்கோ 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சட்டை முழுதாக உரியாமல் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்மீதும் ஒட்டிக்கொள்ளும். பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து கட்டிகளாக ஏற்றுமதியாகும் அதே நார்த்தூளை நனைத்து வைத்தால் ஈரம் நெடுநேரம் நிற்கும். வலை மூடியின் பெரும்பகுதியை அடைப்பதும் உதவும்.

அளப்பதில் ஒரு பிழை நேரலாம். நீண்ட அலைநீள அகச்சிவப்புக் கதிர்களைக் கண்ணாடி ஊடுருவ விடாது. ஆகையால் அந்தக் கதிர்களைக் கொண்டே அளக்கும் துப்பாக்கி வடிவ வெப்பமானியை வெளியிலிருந்து காட்டினால் கண்ணாடியின் வெப்பநிலைதான் திரையில் தெரியும். கதவைத் திறந்து, பாம்பு படுக்கும் கல்லின்மேல் நேராகக் காட்டி அளக்க வேண்டும்.